சரக்குக்கு முன்னே செய்தி

நுழையும்முன்

நாள்தோறும் விடியலில் வாசலுக்கு வரும் பால், நம் வீட்டுத் தேவையை எவ்வாறு அறிந்து வருகிறது? கடையில் ஒரு பொருள் திடீரெனத் தீர்ந்துபோவது ஏன்? அதே பொருள் வேறோர் இடத்தில் விற்பனையாகாமல் தேங்குவது ஏன்? இவ்வினாக்களுக்கான விடை பொருளில் மட்டும் இல்லை. பொருளைப் பற்றிய செய்தியிலும் இருக்கிறது. தாம்பரத்தையும் சென்னையின் தென்புறநகரையும் சான்றாகக் கொண்டு இப்பாடம் அதனை விளக்குகிறது.

புறநகரும் அதன் தேவைகளும்

தென் மாவட்டங்களிலிருந்து சென்னைக்கு வரும் தொடர்வண்டிகளும் சரக்குந்துகளும் பெரும்பாலும் தாம்பரத்தைக் கடந்தே வருகின்றன. 1931ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியதிலிருந்து இப்பகுதி விரைந்து வளர்ந்தது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து, 2021ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சி உருவாக்கப்பட்டது. ஒரு காலத்தில் ஏரிகளும் வயல்களும் சூழ்ந்திருந்த இவ்வூர்களில் இன்று பல இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். அவர்கள் உண்ணும் அரிசியும் காய்கறியும் பாலும் வெளியூர்களில் விளைந்து, பல கைகள் மாறி, அவர்களை வந்தடைகின்றன.

உற்பத்தி செய்பவரிடமிருந்து பயன்படுத்துபவர்வரை ஒரு பொருள் கடந்துவரும் இத்தொடர் அமைப்பையே ‘வழங்கல் சங்கிலி’ என்கிறோம். உழவர், கொள்முதல் நிலையம், ஆலை, கிடங்கு, சரக்குந்து, மொத்த வணிகர், சில்லறை வணிகர், நுகர்வோர் ஆகியோர் இச்சங்கிலியின் கண்ணிகள் ஆவர். ஒரு கண்ணி தளர்ந்தாலும் சங்கிலி முழுவதும் தளர்கிறது.

மூன்று ஓட்டங்கள்

வழங்கல் சங்கிலியில் மூன்று ஓட்டங்கள் உள்ளன. பொருள், உற்பத்தியாளரிடமிருந்து நுகர்வோரை நோக்கிச் செல்கிறது. பணம், நுகர்வோரிடமிருந்து உற்பத்தியாளரை நோக்கிச் செல்கிறது. தகவல் இருதிசைகளிலும் செல்கிறது. “எவ்வளவு தேவை?” என்னும் செய்தி கடையிலிருந்து ஆலைக்குப் போக வேண்டும், “எவ்வளவு இருக்கிறது, எப்போது வரும்?” என்னும் செய்தி ஆலையிலிருந்து கடைக்கு வர வேண்டும்.

இம்மூன்றனுள் பொருளும் பணமும் கண்ணுக்குத் தெரிபவை. ஆகவே, அவற்றின் குறையை எவரும் எளிதில் உணர்கின்றனர். தகவலின் குறையோ வேறொரு குறையாக உருமாறி வெளிப்படுகிறது. கடையில் பால் இல்லாவிடில், “பால் உற்பத்தி குறைந்துவிட்டது” என்று கருதுகிறோம். உற்பத்தி குறையாமலே, எங்கு எவ்வளவு தேவை என்னும் செய்தி உரிய நேரத்தில் போய்ச் சேராமையாலும் அத்தட்டுப்பாடு ஏற்படலாம்.

தகவல் குறைந்த இடத்தில் வணிகர் இருப்பைப் பெருக்குகின்றனர். நாளை எவ்வளவு விற்கும் என்று தெரியாதவர், எதற்கும் இருக்கட்டும் என்று கூடுதலாக வாங்கிவைக்கிறார். அதற்கு முதலீடும் இடமும் வேண்டும்; பொருள் கெட்டுப்போனால் இழப்பும் நேரும். தேவையை முன்கூட்டியே அறிந்தவருக்கு இத்தனை இருப்பு வேண்டியதில்லை.

பால் அட்டை உணர்த்தும் பாடம்

இதற்குத் தக்க சான்று, தமிழ்நாடு கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் இணையத்தின் ஆவின் பால் விநியோகமாகும். சிற்றூர்களிலுள்ள கூட்டுறவுச் சங்கங்களில் காலையும் மாலையும் பால் கொள்முதல் செய்யப்படுகிறது. அங்கேயே அதன் கொழுப்புச்சத்தும் பிற சத்துகளும் அளவிடப்படுகின்றன. குளிரூட்டப்பட்ட பால், தாங்கி வண்டிகளில் ஏற்றப்பட்டு, சென்னையில் அம்பத்தூர், மாதவரம், சோழிங்கநல்லூர் ஆகிய இடங்களிலுள்ள பால் பண்ணைகளை அடைகிறது. அங்குப் பதப்படுத்தப்பட்டு உறைகளில் அடைக்கப்படும் பால், பொழுது புலர்வதற்கு முன்பே முகவர்களின் கைக்கு வந்துவிடுகிறது.

அரிசியைப் போலப் பாலைத் திங்கள்கணக்கில் சேமித்துவைக்க இயலாது. மிகையாக அனுப்பினால் கெடும். குறைவாக அனுப்பினால் குழந்தைகளும் நோயாளிகளும் முதியோரும் துன்புறுவர். ஆகவே, இருப்பு செய்ய வேண்டிய வேலையைத் தகவலே செய்தாக வேண்டும். அவ்வேலையைச் செய்வதில் ஒரு சிறிய தாளுக்குப் பெரும்பங்குண்டு. அதுவே மாதாந்திரப் பால் அட்டை.

சென்னையில் ஆவின் பால் அட்டை வைத்திருப்போர், ஒரு மாதத்திற்கான பணத்தை முன்னதாகவே செலுத்துகின்றனர். அவர்களுக்குச் சில்லறை விலையைவிடக் குறைந்த விலையில் பால் கிடைக்கிறது. இதனை ஒரு விலைச்சலுகையாக மட்டுமே பலரும் அறிவர். உண்மையில் அது ஒரு தகவல் ஏற்பாடும் ஆகும். எந்தப் பகுதியில், எந்த வகைப் பால், நாளொன்றுக்கு எத்தனை உறைகள் வேண்டும் என்பது ஒரு மாதத்திற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. அட்டையின்றி வாங்குவோரின் தேவையை மட்டும் மதிப்பிட்டால் போதும். முகூர்த்த நாள், பொங்கல், கோடை வெயில், மழை ஆகியவற்றிற்கேற்ப அம்மதிப்பீடு கூடும் அல்லது குறையும்.

பால் உறையின் நிறமும் ஒரு தகவலே. நீலம், பச்சை, ஆரஞ்சு என ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு வகைப் பாலைக் குறிக்கிறது. எழுத்தைப் படித்துப் பார்க்கவேண்டிய தேவையின்றி, விடியற்காலை மங்கிய ஒளியிலும் உரிய வீட்டில் உரிய பாலைப் போட இந்நிறங்கள் உதவுகின்றன.

தெரிந்து தெளிவோம்

ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தில் டாயிச்சி ஓனோ என்னும் பொறியாளர் ‘கான்பன்’ என்னும் முறையை உருவாக்கினார். ஜப்பானிய மொழியில் இச்சொல்லுக்கு அறிவிப்புப் பலகை என்பது பொருள். உதிரிபாகப் பெட்டியுடன் ஓர் அட்டை இணைக்கப்பட்டிருக்கும். பாகங்கள் பயன்பட்டபின் அவ்வட்டை முந்தைய பணியிடத்திற்குத் திரும்பும். அட்டை வந்தால் மட்டுமே அடுத்த பாகங்கள் ஆயத்தமாகும். அமெரிக்கப் பேரங்காடிகளில், விற்ற பொருளுக்கு ஈடாக மட்டும் அடுக்குகளை நிரப்பும் வழக்கத்திலிருந்து இம்முறைக்கான எண்ணம் தோன்றியது.

சாட்டை விளைவு

சாட்டையைப் பிடித்திருக்கும் கை சிறிதளவே அசைகிறது. அதன் நுனியோ பேரளவில் சுழல்கிறது. வழங்கல் சங்கிலியிலும் இவ்வாறு நிகழ்வதுண்டு. நுகர்வோரின் தேவையில் ஏற்படும் சிறிய மாற்றம், கண்ணிதோறும் பெருகி, உற்பத்தியாளரை அடையும்போது பெருங்குழப்பமாகிறது. இதனையே ‘சாட்டை விளைவு’ என்பர்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளங்கிக்கொள்ளலாம். மேற்குத் தாம்பரத்தில் ஒரு மளிகைக்கடை நாளொன்றுக்கு 100 ரொட்டிப் பொட்டலங்களை விற்கிறது எனக் கொள்வோம். கடைக்காரர், விநியோகஸ்தர், ரொட்டி ஆலையினர் ஆகிய மூவரிடமும் ஒவ்வொரு நாள் முடிவிலும் 100 பொட்டலங்கள் கையிருப்பாக உள்ளன. கடைக்காரரும் விநியோகஸ்தரும், அன்றன்று விற்ற அளவையே கையிருப்பாகவும் வைத்துக்கொள்ளும் வழக்கமுடையவர்கள்.

ஒருநாள் மழை எச்சரிக்கை வருகிறது. கடையில் 120 பொட்டலங்கள் விற்கின்றன. அன்று வந்த 100, கையிருப்பு 100 ஆகியவற்றுள் 120 போக, எஞ்சியவை 80. நாளையும் 120 விற்கும் என்று கருதும் கடைக்காரர், கையிருப்பையும் 120 ஆக உயர்த்த விரும்பி, 160 பொட்டலங்கள் கேட்கிறார். விநியோகஸ்தருக்கு மழையைப் பற்றியோ 120 என்னும் விற்பனையைப் பற்றியோ தெரியாது. 160 என்னும் எண் மட்டுமே தெரியும். தம்மிடமிருந்த 200இல் 160 அனுப்பியபின் அவரிடம் எஞ்சியவை 40. நாளைய தேவைக்கு 160, கையிருப்பை நிறைக்க 120 என, அவர் ஆலையிடம் 280 கேட்கிறார். ஆலையிலோ கையிருப்பையும் சேர்த்து 200 மட்டுமே உள்ளன. அவற்றை அனுப்பிவிட்டு, ஆலையினர் இரவுப்பணிக்குக் கூடுதல் ஆள்களை அமர்த்துகின்றனர்.

மறுநாள் மழை இல்லை. விற்பனை மீண்டும் 100. கடையில் இருந்த 80, வந்த 160 ஆகியவற்றுள் 100 போக, 140 எஞ்சுகின்றன. ஆகவே, கடைக்காரர் 60 மட்டுமே கேட்கிறார். விநியோகஸ்தரிடம் இருந்த 40, ஆலையிலிருந்து வந்த 200 ஆகியவற்றுள் 60 போக, 180 தேங்குகின்றன. அவர் ஆலையிடம் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

மக்கள் வாங்கிய அளவு 100க்கும் 120க்கும் இடையில் மட்டுமே மாறியது. ஆலை கண்ட தேவையோ 100லிருந்து 280க்கு உயர்ந்து, சுழியத்திற்கு வீழ்ந்தது. இதில் எவரும் பொய் சொல்லவில்லை. பேராசை கொள்ளவும் இல்லை. ஒவ்வொருவரும் தம் கண்ணுக்குத் தெரிந்த எண்ணை நம்பிச் செயல்பட்டனர். கடையின் உண்மையான விற்பனையும் அதன் காரணமும் மூவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்திருந்தால், ஏறத்தாழ 20 பொட்டலங்களைக் கூடுதலாக ஆக்குவதோடு செயல் முடிந்திருக்கும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர், 1961ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இத்தகைய அலைவுகளை ஆராய்ந்தார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாவ் லீ, பத்மநாபன், வாங் ஆகிய மூவரும் 1997ஆம் ஆண்டில் இதன் காரணங்களை வகுத்துரைத்தனர். குழந்தைகளின் அணையாடையை உற்பத்தி செய்த ஒரு நிறுவனத்தை அவர்கள் சான்றாகக் காட்டினர். குழந்தைகள் அணையாடையைப் பயன்படுத்தும் அளவு ஏறத்தாழச் சீரானது. ஆனால், விநியோகஸ்தர்கள் கேட்ட அளவு பெரிதும் ஏறி இறங்கியது.

அவர்கள் வகுத்த காரணங்கள் நான்கு. உண்மையான விற்பனையைக் காணாமல், தமக்கு வரும் கோரிக்கையைக்கொண்டே தேவையைக் கணிப்பது முதலாவது. வண்டி நிறையும்வரை காத்திருந்து மொத்தமாகக் கேட்பது இரண்டாவது. தள்ளுபடிக்காலத்தில் தேவைக்குமேல் வாங்கிக் குவிப்பது மூன்றாவது. தட்டுப்பாடு வருமென அஞ்சி, பத்து வேண்டிய இடத்தில் இருபது கேட்பது நான்காவது. பேரிடர்க்காலத்தில் இந்நான்காம் காரணமே முதலிடம் பெறுகிறது.

வெள்ளத்தில் அறுந்த செய்தி

2015ஆம் ஆண்டு டிசம்பர் 1 காலை 8.30 மணி முதல் மறுநாள் காலை 8.30 மணி வரை தாம்பரத்தில் 49 செ.மீ. மழையும், செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழையும் பெய்தன. அடையாற்றின் தொடக்கப் பகுதியிலுள்ள ஏரிகளின் உபரிநீரும் பெருகிவர, முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பகுதிகளில் வீடுகள் நீரில் மூழ்கின. மக்கள் மேல்மாடிகளில் தஞ்சமடைந்தனர். படகுகள் தெருக்களில் சென்றன. மீனம்பாக்கம் விமான நிலையம் மூடப்பட்டு, டிசம்பர் 6 அன்றுதான் பயணியர் விமானச் சேவை மீண்டும் தொடங்கியது. பால் லிட்டர் 100 ரூபாய்வரை விற்பதாக நாளேடுகள் எழுதின.

பிற மாவட்டங்களும் மாநிலங்களும் உதவிப்பொருள்களை அனுப்பின. தாம்பரம் விமானப்படைத் தளம் வாயிலாகவும் அவை வந்தன. பொருள் வந்துகொண்டிருந்தது, அது யாருக்கு, எங்கு வேண்டும் என்னும் செய்தி வரவில்லை. மின்கசிவால் உயிரிழப்பு நேராதிருக்க மின்சாரம் நிறுத்தப்பட்டது. மின்சாரமின்றி அலைபேசிக் கோபுரங்கள் செயலிழந்தன. அவற்றின் மின்னாக்கிகளுக்கு டீசல் வேண்டும். டீசல் கொண்டுசெல்லச் சாலை வேண்டும். சாலையோ நீரில் கிடந்தது. செய்தியும் ஒரு வழங்கல் சங்கிலியை நம்பியே இருக்கிறது என்பதை அந்நாள்கள் உணர்த்தின. 1878ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘தி இந்து’ ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு, மறைமலைநகரிலுள்ள அச்சகத்திற்குப் பணியாளர்கள் செல்ல இயலாமையால், டிசம்பர் 2 அன்று அச்சேறவில்லை.

இந்நிலையில் உதவிப்பொருள்கள், வண்டி செல்லக்கூடிய இடங்களுக்கே மிகுதியாகச் சென்றன. நெடுஞ்சாலையோர மக்களுக்கு மீண்டும் மீண்டும் உணவு கிடைக்க, உட்புறத் தெருக்களில் இருந்தோர் காத்திருந்தனர். குடிநீரும் மருந்தும் வேண்டியிருந்த இடங்களில் பழந்துணிகள் குவிந்தன. கொடுத்தவர்களின் மனத்தில் குறையில்லை. அவர்களுக்குக் கிடைத்த செய்தியில் குறை இருந்தது.

செய்தியை மீண்டும் இணைத்த கைகள்

அறுந்த செய்தியை இணைக்கத் தன்னார்வலர்கள் முன்வந்தனர். அவர்களுள் பலர் இளைஞர்கள். இணையத்தில் எவரும் பார்க்கக்கூடிய பொது விரிதாள்களைத் திறந்து, ஒரு பக்கத்தில் தேவையையும் மறுபக்கத்தில் உதவ ஆயத்தமாக இருப்போரையும் பதிவு செய்தனர். நீர் சூழ்ந்த தெருக்களை மக்களே குறிக்கும் வகையில் திறந்தநிலை வரைபடம் ஒன்றும் உருவானது. எவ்வழியில் வண்டி செல்லும், எவ்வழியில் படகு வேண்டும் என்பதை அதனால் அறிய முடிந்தது.

எனினும், இணையத்தில் பரவிய செய்திகள் அனைத்தும் பயன்தரவில்லை. மீட்கப்பட்டுவிட்டவர்களைக் குறித்த வேண்டுகோள்கள் மறுநாளும் பகிரப்பட்டன. வடநெம்மேலி முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாக வதந்தி பரவ, பண்ணையினர் அதனை மறுக்க வேண்டியதாயிற்று. பழைய செய்தியை நம்பி ஒரு படகு ஆளில்லாத வீட்டை நோக்கிச் சென்றால், காத்திருக்கும் மற்றொரு வீட்டிற்கு அப்படகு கிடைக்காமற்போகிறது. ஆகவே, செய்தியைப் பதிவு செய்யும் முன் உரியவரைத் தொலைபேசியில் அழைத்து உறுதிசெய்வதையும், உதவி சேர்ந்தவுடன் அதனைக் குறிப்பதையும் தன்னார்வலர்கள் முதன்மைப் பணிகளாகக் கொண்டனர்.

திருவள்ளுவர், நாடாள்பவருக்குச் செய்தி எத்துணை இன்றியமையாதது என்பதை விளக்க ‘ஒற்றாடல்’ என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். ஒருவர் கூறியதை மட்டும் நம்பாது, ஒருவரையொருவர் அறியாத மூவர் கூறுவதும் ஒத்திருந்தால் அதனைத் தெளிக என்பது அங்குக் காணப்படும் கருத்துகளுள் ஒன்று. அரசியலுக்குக் கூறிய அவ்விலக்கணம் வெள்ள நிவாரணத்திற்கும் பொருந்துகிறது.

நல்ல தகவலின் இயல்புகள்

வழங்கல் சங்கிலிக்கு உதவும் தகவலுக்கு நான்கு இயல்புகள் வேண்டும். அது உண்மையாக இருத்தல் வேண்டும். காலத்தால் வருதல் வேண்டும். உரியவர் அனைவருக்கும் கிடைத்தல் வேண்டும். செயலாக மாற்றத்தக்க தெளிவுடையதாக இருத்தல் வேண்டும். “முடிச்சூரில் உணவு இல்லை” என்பது வருத்தத்தைத் தரும் செய்தி. எந்தத் தெருவில், எத்தனை பேருக்கு, எத்தனை மணிக்குள், எவ்வழியே என்பன சேரும்போதுதான் அது உணவைக் கொண்டுசேர்க்கும் செய்தியாகிறது.

இப்புரிதல் மெல்ல மெல்ல நடைமுறைக்கு வருகிறது. தமிழ்நாட்டின் நியாயவிலைக்கடைகளில் விற்பனை முனையக் கருவிகள் வைக்கப்பட்டு, 2017ஆம் ஆண்டு முதல் மின்னணுக் குடும்ப அட்டைகள் வழங்கப்பட்டன. பொருள் வாங்கியவுடன் அதன் விவரம் குறுஞ்செய்தியாக வருகிறது. வாங்காத பொருளை வாங்கியதாகச் செய்தி வந்தால், அட்டைதாரரே பிழையைக் கண்டறிய இயலும். தகவலைப் பெறுபவரே அதன் காவலராகவும் ஆகிறார். பேரிடர் எச்சரிக்கைகளை மக்களின் கைப்பேசிக்குக் கொண்டுசேர்க்க 2018ஆம் ஆண்டில் ‘டி.என். ஸ்மார்ட்’ என்னும் செயலியைத் தமிழ்நாடு அரசு அறிமுகப்படுத்தியது.

2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் மீண்டும் பால் தட்டுப்பாடு ஏற்பட்டது. அடுத்த ஆண்டு அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தபோது, வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் தங்கள் மகிழுந்துகளை முன்னதாகவே நிறுத்திவைத்தனர். கடைகளில் பால், ரொட்டி, காய்கறி வாங்கக் கூட்டம் திரண்டது. அப்போது ஆவின் நிறுவனம், சென்னையில் 8 பாலகங்கள் 24 மணி நேரமும் திறந்திருக்கும் என்றும், ஒருவருக்கு அதிக அளவாக 4 உறைகள் வழங்கப்படும் என்றும் அறிவித்தது. இவ்வறிவிப்பின் முதற்பகுதி, “பால் கிடைக்கும்” என்னும் செய்தியால் அச்சத்தைத் தணிக்கிறது. இரண்டாம் பகுதி, அஞ்சியவர் வாங்கிக் குவிப்பதால் அஞ்சாதவருக்கு இல்லாமற்போவதைத் தடுக்கிறது. சாட்டை விளைவின் நான்காம் காரணத்தை இவ்வறிவிப்பு நேரடியாக எதிர்கொண்டது எனலாம்.

நம் பங்கு

வழங்கல் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நுகர்வோராகிய நாம் இருக்கிறோம். தேவையைப் பற்றிய செய்தியோ நம்மிடமிருந்தே தொடங்குகிறது. மூன்று உறை பால் தேவைப்படும் வீட்டினர் அச்சத்தால் பத்து உறை வாங்கும்போது, ஏழு உறைகளைப் பிறரிடமிருந்து பெறுவதோடு, ஏழு உறை அளவிலான தவறான செய்தியையும் ஆலைக்கு அனுப்புகின்றனர். உறுதிசெய்யாத வேண்டுகோளைப் பிறருக்கு அனுப்புபவர், அறியாமலே ஒரு படகைத் திசைதிருப்பிவிடக்கூடும். மாறாக, தெருவின் பெயர், ஆள்களின் எண்ணிக்கை, நேரம் ஆகியவற்றோடு உறுதிசெய்யப்பட்ட ஒரு செய்தியைத் தருபவர், உதவியைச் சரியான வாசலுக்கு அழைத்துவருகிறார்.

சாலைகளை அகலப்படுத்துவதும் கிடங்குகளைக் கட்டுவதும் வழங்கலுக்கு இன்றியமையாதவை. அவற்றோடு, உண்மையான தேவையைக் காலத்தே அறிவித்துப் பகிர்ந்துகொள்ளும் பழக்கமும் வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வரும். மேல்மாடியில் காத்திருக்கும் முதியவருக்கு வேண்டிய மருந்து, நகரின் ஏதோ ஒரு கடையில் இருக்கும். அம்மருந்தை அவரிடம் சேர்க்கும் பயணம், அவரைப் பற்றிய சரியான செய்தி புறப்படும்போதே தொடங்குகிறது.